பேவர் பிளாக் இடுக்கில் புல்: பிடுங்குவது பாதி, மணல் மீதி

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டிலிருந்து போர்டிகோ வரை, கார் வந்து நிற்கும் இடத்தில் பேவர் பிளாக் பதித்து நாலைந்து வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் பளிச்சென்று இருந்தது. இப்போது ஒவ்வொரு மழைக்கும் இடுக்கெல்லாம் புல். ஆள் விட்டுப் பிடுங்கினாலும் மூன்று வாரத்தில் பழையபடி வந்துவிடுகிறது. உரக்கடையில் களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் கல் உப்பு போடச் சொல்கிறார். மேஸ்திரியோ இடுக்கில் சிமெண்ட் கரைத்து ஊற்றிவிடலாம் என்கிறார். எதைக் கேட்பது?

மூன்றையும் கேட்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தப் புல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். பெரும்பாலோர் அது பிளாக்குக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வருவதாக நினைக்கிறார்கள். ஒன்றிரண்டு களை அப்படித்தான் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கால்வாசி மேலிருந்து விழுந்த விதை. ஒரு செடியை மெதுவாக வேரோடு இழுத்துப் பாருங்கள். வேர் ஒன்றரை அங்குலத்துக்குள் முடிந்திருக்கும். அதில் ஒட்டியிருக்கும் மண்ணை விரலில் தேய்த்தால் கறுப்பாக, மாவு போல இருக்கும். அது பிளாக் பதித்தவர்கள் போட்ட மணல் இல்லை. தெருப்புழுதியும், மக்கிய வேப்பிலையும், கார் சக்கரத்தில் வந்த சேறும் சேர்ந்து இடுக்கில் படிந்து உருவான மண். மணல் இருந்த இடத்தில் இந்த மண் வந்து உட்கார்ந்ததால்தான் மூன்றாம் வருடத்திலிருந்து தொல்லை தொடங்கியது.

பொலபொலவென்ற மணல் களைக்குப் பிடிக்காது. மழை விட்டதும் தண்ணீர் இறங்கிவிடும், வெயில் பட்டால் சீக்கிரம் காயும், சத்தும் கிடையாது. புதிதாகப் பதித்தபோது இடுக்கில் மணல் மேல்விளிம்பு வரை இருந்திருக்கும். அப்புறம் மழையில் கொஞ்சம் கீழே இறங்கும், எறும்பு கொஞ்சம் வெளியே தள்ளும், தென்னந்துடைப்பத்தால் அழுத்திப் பெருக்கும்போது கொஞ்சம் போகும், காரை வேகத் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது நிறையவே போகும். காலியான அந்த அரை அங்குலப் பள்ளத்தில் புழுதி நிரம்புகிறது. ஆக, களையைப் பிடுங்கிவிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டால், அடுத்த விதைக்கு நீங்களே குழி வெட்டிக் கொடுத்தது மாதிரி.

எங்கே முளைக்கிறது என்பதையும் கவனியுங்கள். டயர் உருளும் இரண்டு தடத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இரண்டு தடத்துக்கும் நடுவில், காம்பவுண்டு சுவரை ஒட்டி, கேட் மூலையில்தான் அடர்த்தியாக இருக்கும். வாசலில் தினமும் பெருக்கிக் கோலம் போடுகிற இடத்திலும் அவ்வளவாக வராது, முளை விடும்போதே துடைப்பம் பட்டுப் போய்விடும். இதற்கு நேர்மாறாக, ஏசி குழாய் சொட்டும் இடத்தில் சித்திரை வெயிலிலும் பச்சைப் பசேலென்று இருக்கும். மாடித் தொட்டி வழியும் இடம், வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ஓரம் எல்லாம் இதே கதைதான். இங்கே எத்தனை முறை பிடுங்கினாலும் பலன் இல்லை. முதலில் அந்தச் சொட்டை ஒரு குழாய் வைத்துச் செடிக்கோ வாளிக்கோ திருப்பிவிடுங்கள். மழை விட்டுப் பல மணி நேரம் கழித்தும் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் அங்கே வாட்டம் சரியில்லை. மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். அந்த இடத்துப் பிளாக்குகளை மட்டும் எடுத்து, அடியில் மணல் சேர்த்து உயர்த்திப் பதித்தால் போதும், மொத்தத்தையும் பெயர்க்கத் தேவையில்லை.

அடுத்து, என்ன களை என்று தெரிந்துகொள்வது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லாவற்றையும் ‘புல்’ என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

நம் ஊர்ப் பேவர் இடுக்கில் அதிகம் பார்ப்பது சிற்றம்மான் பச்சரிசி. பொடிப்பொடி இலையோடு, சிவந்த தண்டோடு, பிளாக்கின் மேல் தட்டையாகப் படர்ந்திருக்கும். கிள்ளினால் பால் வரும். பார்ப்பதற்குப் பெரிய பரப்பாகத் தெரிந்தாலும் நடுவில் ஒரே ஒரு வேர்தான். அந்த நடுப்புள்ளியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிளை அறுந்து கையோடு வரும், வேர் அங்கேயே இருக்கும். கூலிக்கு வருகிறவர்கள் அவசரத்தில் செய்வது இரண்டாவதைத்தான். இதன் பொடிக் காய் முற்றினால் வெடித்து விதை சிதறும். அதனால் காய்க்கும் முன் எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெட்டுக்காயப் பூண்டு, குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாம் இதே ரகம். விதையில் வரும், வேர் ஆழம் போகாது, ஈரத்தில் இழுத்தால் வரும். பருப்புக்கீரை மட்டும் கொஞ்சம் போக்கிரி. பிடுங்கி ஈரத் தரையில் போட்டால் சதைப்பற்றுள்ள தண்டில் இருக்கும் நீரை வைத்தே உயிரோடு இருந்து மறுபடி வேர்விடும், விதையும் முற்றும். உடனே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பார்த்தீனியம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், மகரந்தம் மூச்சுக்கும் ஆகாது. ஒரு செடி பூத்துக் காய்த்தால் ஆயிரக்கணக்கில் விதை போடும்.

மூக்கிரட்டை வேறு மாதிரி. இளஞ்சிவப்பில் பொடிப் பூ, வேட்டியிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும் காய். கீழே தடித்த ஆணிவேர் இறங்கியிருக்கும். மேலே அறுத்தால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழை பெய்த மறுநாள், நீளமான ஸ்குரூ டிரைவரை வேரை ஒட்டிச் செருகி நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் பாதி கீரையும் மூலிகையுமாக இருக்கிறதே, பிடுங்கியதைச் சமைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கார் நிற்கிற இடத்தில் முளைத்ததைச் சமைக்காதீர்கள். என்ஜின் ஆயிலும் டயர் தூசியும் இறங்குகிற மண் அது. கொல்லையில் முளைத்தது என்றால் வேறு பேச்சு.

உண்மையில் கஷ்டம் கொடுப்பவை இரண்டே இரண்டு: அருகம்புல், கோரை.

அருகு ஒரு மூலையில் தொடங்கி, தரைக்கு மேலேயும் கீழேயும் தண்டு ஓடவிட்டு, கணுவுக்குக் கணு இடுக்கில் வேர் இறக்கும். கணு ஒன்று தங்கினாலும் மறுபடி வளரும். இதைப் பிடுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓடும் தண்டின் நுனியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து தாய்ச்செடியை நோக்கி ஒவ்வொரு கணுவாக நெம்பிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் பார்த்தால் பெரும்பாலும் அது பக்கத்துப் புல்தரையிலிருந்தோ காம்பவுண்டு ஓரத்து மண்ணிலிருந்தோதான் கிளம்பியிருக்கும். அந்த எல்லையில் விளிம்புக்கல் இல்லாவிட்டால் ஒரு வரிசை கல்லை ஆழமாகப் பதித்துக் கான்கிரீட் கொடுங்கள். எல்லையை அடைக்காமல் உள்ளே பிடுங்கிக்கொண்டே இருப்பது வீண் வேலை.

கோரையைத் தண்டை வைத்து அடையாளம் காணலாம். விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டையாக இருக்கும். இதுதான் உண்மையிலேயே அடியிலிருந்து முட்டிக்கொண்டு வருவது. மண்ணுக்குள் கிழங்குகள் ஒன்றோடொன்று நூல் போன்ற தண்டால் கோத்தபடி இருக்கும். நலங்கு மாவில் வாசனைக்குப் போடும் அதே கோரைக்கிழங்குதான். மேலே ஒரு தளிரைப் பிடுங்கினால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கிழங்குகள் விழித்து முளைவிடும். ‘பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறது’ என்று சொல்வார்களே, அது வெறும் அலுப்பில் சொல்வது இல்லை.

கோரைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பட்டினி போடுவது. முளைத்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடாமல் தளிரை எடுத்துக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கில் சேர்த்து வைத்த மாவு தீர்ந்து ஒரு கட்டத்தில் ஓயும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுமை வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் ஒரு மாதம் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாவது வழியை நான் அதிகம் பரிந்துரைப்பேன். கோரை பெரும்பாலும் ஒரு கட்டில் அளவு இடத்தில்தான் கூட்டமாக இருக்கும். கோடையில், சித்திரை வைகாசியில், அந்த இடத்துப் பிளாக்கை மட்டும் பெயர்த்து, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி எடுத்து, தார்ப்பாயில் பரப்பிக் காயவிடுங்கள். கோரைக் கிழங்குக்கு வறட்சி தாங்காது. நல்ல வெயிலில் சில நாள் கிடந்தால் சுருங்கிச் செத்துவிடும். ஆனாலும் அந்த மண்ணைத் திரும்பப் போடாமல், கிராவலோ ஜல்லியோ போட்டுத் திமிசு அடித்து, மேலே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மணல் விரித்துப் பிளாக்கைப் பதிப்பது உத்தமம்.

பிளாக்கைப் பெயர்ப்பது பலரும் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. முதல் கல்தான் வராது. அதைச் சுற்றி இடுக்கு மணலைச் சுரண்டிவிட்டு, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு தட்டை ஸ்குரூ டிரைவர் செருகி மாற்றி மாற்றி நெம்பினால் மேலே வரும். மற்றவை கையோடு வந்துவிடும். பெயர்ப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிறம் கலந்து பதித்திருந்தால் திரும்ப அடுக்கும்போது உதவும்.

இனி, உங்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியங்கள்.

கல் உப்பு. களை சாகும், சந்தேகமே இல்லை. ஆனால் உப்பு அங்கேயே நிற்காது. மழையில் கரைந்து எங்கே போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். முன்வாசல் தண்ணீர் அந்தக் குழிக்குப் போகிற மாதிரி அமைத்திருக்கும் வீடுகள் நிறைய. அப்படியானால் நீங்கள் கொட்டிய உப்பு உங்கள் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோதான் இறங்குகிறது. ஏற்கெனவே உவர்ப்பு ஏறிக்கொண்டிருக்கும் சென்னைக் கடலோரப் பகுதிகளில் இது நம் கையால் நாமே செய்துகொள்ளும் கேடு. அடுத்து போர்டிகோத் தூணும் கேட் தூணும். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி ஊதிக் காரையை வெடிக்கவைக்கும். சுவரின் அடியிலும் பிளாக்கின் மேலும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையோ ரோஜாவோ இருந்தால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

வினிகரோடு உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து தெளிக்கும் குறிப்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் நான்கைந்து சதவீதம்தான். அது பட்ட இலை கருகும், பொடி நாற்று சாகும். மூக்கிரட்டை வேருக்கும் கோரைக் கிழங்குக்கும் அது தெரியக்கூடத் தெரியாது. அதில் உப்பு சேர்ந்திருப்பதால் மேலே சொன்ன எல்லாமும் இதற்கும் பொருந்தும். டாய்லெட் கழுவும் ஆசிட்டைத் தூக்கி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பேவர் பிளாக் என்பது சிமெண்ட். ஆசிட் பட்ட இடம் நுரைத்துப் பொங்கினால் கரைவது உங்கள் கல்தான். நிறம் வெளிறி, மேல்பரப்பு சொரசொரப்பாகி, அதில் பாசியும் அழுக்கும் முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது மட்டும் எனக்கு ஒப்புதல் உள்ள வைத்தியம். நாற்றுப் பருவத்தில் இருப்பவை ஓரிரு நாளில் துவண்டுவிடும், மிச்சம் எதுவும் தங்காது. ஆழ வேர்க் களைக்குப் பலன் குறைவு. செருப்பில்லாமல் செய்ய வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சோறு வடித்த கஞ்சியை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சூட்டுக்குக் களை வாடும்தான், ஆனால் கஞ்சிக்கு எறும்பு வரும், எறும்பு வந்தால் இடுக்கு மணலைத் தோண்டி வெளியே குவிக்கும்.

களைக்கொல்லி. உரக்கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது கிளைபோசேட். ரவுண்டப் என்ற பெயரில் பிரபலமானது இதுதான். இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கிக் கொல்லும், அருகு, கோரை இரண்டிலும் வேலை செய்யும். இதன் மேல் புற்றுநோய் சர்ச்சை இருப்பது தெரிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் இதை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவுக்கு வரவில்லை. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டாம். நமக்கு அதைவிட நேரடியான விஷயம், 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மூலமாகத் தவிர வேறு யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. கடைக்காரர் பாட்டிலை நீட்டுகிறார் என்பதற்காக நீங்களே தெளிப்பது அந்த விதிக்குப் புறம்பு. கோரை கைமீறிப் போய், வேறு வழியே இல்லை என்றால் உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்கு முன் புல்லை வெட்டிவிடாதீர்கள், மருந்தை உறிஞ்ச இலை வேண்டும். காற்றில்லாத காலையில், அன்று மழை வராது என்று தெரிந்தால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் புல் காயும். இவ்வளவும் செய்தாலும், மண்ணில் கிடக்கும் விதையை கிளைபோசேட் ஒன்றும் செய்யாது. இடுக்கு அப்படியே இருந்தால் அடுத்த மழைக்குப் புதுச் செடி வரும்.

பாராகுவாட் என்ற பெயரைப் பாட்டிலில் பார்த்தால் அந்தக் கடையை விட்டே வந்துவிடுங்கள். அடித்த மறுநாளே புல் கருகுவதால் சிலர் அதைச் சிபாரிசு செய்வார்கள். ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் போய்விடும் விஷம், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கேரளம் 2011-லேயே தடை செய்தது, இலங்கையும் படிப்படியாக விலக்கிவிட்டது. நாலு புல்லுக்காக அதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவருவது எந்தக் கணக்கிலும் சேராது.

சரி, என்னதான் செய்வது? வேலையை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

களை எடுப்பது ஈரத்தில், மணல் போடுவது தரை காய்ந்திருக்கும்போது. மழை பெய்த மறுநாள் காலை, அல்லது முந்தைய இரவு தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு, பிடுங்குங்கள். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். உடைந்த ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியோ டேப்போ சுற்றிக் கைப்பிடி ஆக்கிக்கொண்டால், மூன்று மில்லிமீட்டர் இடுக்குக்குள் அது போகிற மாதிரி வேறெதுவும் போகாது. பல் பக்கம் வேரை அறுத்துக்கொண்டே அழுக்கையும் வாரிக்கொண்டு வரும். கொல்லர் பட்டறையில் ஒரு கம்பியை எல் வடிவில் மடக்கி நுனியைத் தட்டையாக்கித் தரச் சொன்னால் நின்றுகொண்டே சுரண்டலாம், முட்டிவலி உள்ளவர்களுக்கு அதுதான் சரி. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் கம்பித் துணுக்குகள் உடைந்து கல்லில் தங்கி அப்புறம் துருக் கறையாக நிற்கும், நைலான் பிரஷ் போதும். பிரஷ் கட்டர் மெஷினும் வேண்டாம். மேலே மட்டும் சீவும், தெறிக்கிற கல் கார் கண்ணாடியைத் தேடிப் போகும்.

எவ்வளவு ஆழம் சுரண்டுவது? கறுப்பு மண் தீர்ந்து பழைய மணல் தெரியும் வரை. பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். அதற்குக் கீழே போக வேண்டாம். பிளாக்கும் பிளாக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இடுக்கு மணலால்தான். மொத்தத்தையும் வாரி எடுத்துவிட்டுக் காரை ஏற்றினால் கல் ஆடும், விளிம்பு உடையும்.

வேகத் தண்ணீர் பீச்சும் பிரஷர் வாஷர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது மணலையும் சேர்த்து வாரும். அகலமாகப் பீச்சும் முனையைப் போட்டு, சாய்வாக, தள்ளி நின்று அடியுங்கள். அடித்த பிறகு மணல் போடாமல் விட்டால் முன்பைவிட மோசமாகும். வருடா வருடம் தீபாவளிக்குக் கழுவிவிட்டு, தையில் புல் மண்டுகிறது என்று புலம்புகிற வீடுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இனி மணல். எம்-சாண்ட் இதற்குக் கொஞ்சம் பருமன். குறுணை இடுக்கின் வாயிலேயே சிக்கிக்கொண்டு கீழே இறங்காது. பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் 2.36 மில்லிமீட்டருக்குள் சலித்து வருவதால் அளவு சரியாக இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று கிரஷர் டஸ்ட் வாங்காதீர்கள். அதில் மாவு அதிகம், ஈரத்தைப் பிடித்து வைக்கும், களைக்கு அதுதான் பிரியம். ஐந்நூறு சதுர அடி இடத்தில் இடுக்கின் மேல்பாதி காலியாக இருக்கிறது என்றால் ஏறக்குறைய நூறு கிலோ பிடிக்கும், அதாவது இரண்டு மூன்று மூட்டை.

மணலைத் தார்ப்பாயில் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கையில் பிடித்தால் விரலிடுக்கில் ஓட வேண்டும், உருண்டை பிடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தரையும் காய்ந்திருக்க வேண்டும். மேலே பரப்பி, இடுக்கின் போக்கில் பெருக்காமல் குறுக்காக, மூலைவாட்டில் பெருக்குங்கள். அப்போதுதான் விழும். விழுந்தது இறங்க அதிர்வு வேண்டும். பதித்தவர்களிடம் இருக்கும் பிளேட் வைப்ரேட்டரை அரை நாள் வாடகைக்கு எடுத்தால் உத்தமம், அடியில் ரப்பர் பாய் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், கல்லில் கீறல் விழாது. இல்லாவிட்டால் ஒரு பலகையை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகலாம், முன்வாசல் அளவுக்கு அது முடியாத காரியம் இல்லை. இறங்கியதும் மறுபடி பெருக்குங்கள். மறுபடி தட்டுங்கள். இனி வாங்காது என்கிற வரை. மிச்ச மணலை உடனே வாரிவிடாமல் ஒரு வாரம் மெல்லிதாக விட்டுவைத்தால் காரும் காலும் பட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

காலம் பார்த்துச் செய்தால் பாதி உழைப்பு மிச்சம். ஆடிக் காற்றில்தான் புழுதியும் விதையும் அதிகம் வந்து சேரும். அது ஓய்ந்த பிறகு, ஆவணி புரட்டாசியில் சுத்தம் செய்து மணலை நிரப்பிவிடுங்கள். ஐப்பசி அடைமழை வரும்போது இடுக்கு நிறைந்திருக்கும். கார்த்திகையில் தப்பி முளைத்ததை ஒரு சுற்று எடுத்துவிட்டால், பூத்து விதை போடும் முன் கதை முடிந்துவிடும். மற்ற நாட்களில் வேப்பிலை, முருங்கைப்பூ எதுவானாலும் இடுக்கில் மக்கவிடாமல் பெருக்கினால் போதும்.

தண்ணீர் பட்டதும் இறுகும் பாலிமர் மணல் என்று ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. நல்ல பொருள்தான், விலை அதிகம். கல் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், மேலே ஒரு துகள் தங்காமல் ஊதிவிட வேண்டும், போட்டபின் ஒரு நாளாவது மழை கூடாது. இதில் ஒன்று தவறினாலும் கல்லின் மேல் வெள்ளைப் படலம் படிந்து போகாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் அதுவும் பெயர்ந்துவிடும். எனக்கு சாதா மணலே போதும் என்று தோன்றுகிறது.

மேஸ்திரி சொன்ன சிமெண்டுக்கு வருகிறேன். பேவர் பிளாக் என்பது கார் ஏறும்போது கொஞ்சம் அசைந்து கொடுக்கிற தரை. அசைகிற இடுக்கில் இறுகிய சிமெண்ட் நிற்காது. கொஞ்ச நாளில் தலைமுடி அளவுக்கு விரிசல் விடும், களைக்கு அந்த விரிசல் போதும். அப்போது பிடுங்கவும் முடியாது, வேர் சிமெண்டுக்கு அடியில் இருக்கும். மழைத்தண்ணீர் இறங்க வழி இல்லாமல் வாசலில் தேங்கும். பின்னால் குழாய் வேலைக்கு நாலு கல்லை எடுக்க வேண்டி வந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அடியில் பாலிதீன் ஷீட் விரித்துப் பதிக்கும் யோசனையும் இதே மாதிரிதான். விதை மேலிருந்து விழுவதால் ஷீட்டால் பயன் இல்லை, தண்ணீரோ ஷீட்டின் மேல் நின்று மணலைச் சேறாக்கும்.

பச்சையாக வழுக்குவது மட்டும் இருந்து செடி எதுவும் இல்லை என்றால் அது பாசி, களை இல்லை. நிழலும் ஈரமும்தான் காரணம். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே கவியும் கிளைகளைக் கழித்து வெயில் படவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் களையை விட இதை முதலில் கவனிக்க வேண்டும்.

கேட் தூண் விரிசலில், காம்பவுண்டு ஓரத்தில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பறவை எச்சத்தில் வந்து விழுந்தது அது. நாலு இலையில் இருக்கும்போது ஈரத்தில் இழுத்தால் வேரோடு வந்துவிடும். இடுப்பு உயரம் வளரவிட்டால் தூணைக் கொத்தாமல் வேரை எடுக்க முடியாது, மேலே வெட்ட வெட்டப் பக்கவாட்டில் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அரசை வெட்ட மனம் வராதவர்கள் சிறிசாக இருக்கும்போதே எடுத்து ஒரு தொட்டியில் வைத்துத் தேற்றி, இடம் உள்ள கோயிலுக்கோ ஏரிக்கரைக்கோ கொடுத்துவிடலாம்.